'ரசவாதி'யைப் பரிசளியுங்கள், அந்த ஒற்றை வரியைத் தனியாக அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வு முடிவு வரும் நாட்களிலும் பள்ளி, கல்லூரி ஆண்டு விழாக்களிலும் பரிசாகக் கைமாறும் நூல்களில் பிரேசில் எழுத்தாளர் பாலோ கொயலோவின் 'ரசவாதி' நாவல் தவறாமல் இடம்பெறுகிறது. அந்த நூலைவிட வேகமாகப் பரவுவது அதிலுள்ள ஒரு வரி. ஒன்றை நீ மனதார விரும்பினால், அதை நீ அடைவதற்குப் பிரபஞ்சமே கூடி நின்று உதவும் என்பது அதன் சாரம். வாழ்த்து அட்டையிலும் பயிற்சி வகுப்புச் சுவரிலும் மேடைப் பேச்சிலும் அது தனியாக வந்து நிற்கிறது. நூலின் மீது எனக்குப் பிரியம் உண்டு. அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து இளைஞர்களிடம் கொடுப்பதில் கடுமையான மனத்தாங்கலும் உண்டு. இரண்டுக்குமான காரணங்கள் நூலுக்குள்ளேயே இருப்பதால்தான் எழுதுகிறேன்.

போர்த்துக்கீசிய மொழியில் 1988-இல் பிரேசிலில் ஒரு சிறிய பதிப்பகம் இதை வெளியிட்டது. 900 பிரதிகள் அச்சிட்டதோடு மறு அச்சு வேண்டாம் என்று கைவிட்டுவிட்டது. 1993-இல் ஆங்கிலத்தில் வந்த பிறகே உலகம் முழுவதும் பரவி, இன்று 80-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. இந்த வரலாற்றையே அந்த வரிக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அதே 1988-இல் கைவிடப்பட்டு, பிறகு யாரும் எடுத்துப் பார்க்காத நூல்களின் பட்டியல் நம் கையில் இல்லை. கரை சேர்ந்தவரிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கடலின் ஆழத்தைச் சொல்ல முடியாது.

கதையின் எலும்புக்கூடு கொயலோவுடையது அல்ல. அதில் குறையும் ஒன்றுமில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமி தம் மஸ்னவி என்ற நெடுங்கவிதையின் ஆறாம் பாகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். பரம்பரைச் சொத்தைத் தொலைத்த பாக்தாத்காரன் ஒருவன், எகிப்துக்குப் போனால் புதையல் கிடைக்கும் என்று கனவு காண்கிறான். போன இடத்தில் இரவுக் காவலனிடம் சிக்கி அடிபடுகிறான். கனவைப் பற்றி அவன் சொன்னதும் காவலன், "எனக்கும்தான் பாக்தாத்தில் இன்ன தெருவில் இன்ன வீட்டில் புதையல் இருப்பதாகக் கனவு வருகிறது, நான் என்ன கிளம்பிப் போய்விட்டேனா?" என்கிறான். அவன் சொன்னது இவனுடைய வீடு. ஆயிரத்தொரு இரவுகளிலும் இந்தக் கதை இருக்கிறது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1935-இல் வெளியான தம் தொகுப்பில் இதை இரண்டு பக்கங்களுக்குள் சொல்லி முடித்தார். கொயலோ பாக்தாத்துக்குப் பதில் ஸ்பெயினின் அந்தலூசியாவையும், வீட்டுக்குப் பதில் கூரை இடிந்த ஒரு தேவாலயத்தையும் வைத்தார். அந்தத் தேவாலயத்தில் பூசை உடைகள் வைக்கும் அறை இருந்த இடத்தில் ஒரு காட்டத்தி மரம் வளர்ந்து நிற்கிறது. நூலின் முதல் பக்கத்தில் கதாநாயகனான சாண்டியாகோ என்ற இடையன் ஆடுகளோடு படுத்துறங்குவது அங்கேதான். கடைசியில் புதையல் கிடைப்பதும் அதே மரத்தடியில்தான். இந்த முடிச்சு எத்தனை முறை படித்தாலும் தளர்வதில்லை.

ஆனால் இடம் மாறியபோது இன்னொன்றும் மாறிவிட்டது. பழைய கதையின் மனிதன் கையில் ஒன்றுமில்லாதவன். இழக்க எதுவும் இல்லாததால் கிளம்புகிறான். சாண்டியாகோவிடம் 60 ஆடுகள் இருக்கின்றன. பிழைப்பு நன்றாகவே ஓடுகிறது. எகிப்தின் பிரமிடுகளருகே புதையல் இருப்பதாகக் கண்ட கனவை நம்பி, அவன் அவற்றை விற்றுவிட்டுப் போகிறான். வறுமையில் இருப்பவனுக்குக் கிடைத்த அருளைப் பற்றிய கதை, இருப்பதை விட்டுவிட்டுப் போ என்ற அறிவுரையாக இந்த இடத்தில்தான் திரும்புகிறது. இதைக் கவனிக்காமல் நூலைப் புகழ்வதும் இகழ்வதும் அரைகுறையாகவே முடியும்.

சாண்டியாகோவின் வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கொயலோ தொகையையும் எண்ணிக்கையையும் பெரும்பாலும் மறைக்காமல் தருகிறார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். முதல் முதலீடு தந்தையுடையது. மகனைப் பாதிரியாராக்க ஆசைப்பட்டு 16 வயது வரை குருமடத்தில் படிக்க வைத்தவர், அவன் ஊர் சுற்ற வேண்டும் என்றதும், வயலில் கண்டெடுத்து அவனுக்கென்று வைத்திருந்த மூன்று பழைய ஸ்பானியத் தங்கக் காசுகளைக் கொடுத்து மந்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். தாமும் உலகம் சுற்ற ஆசைப்பட்டு, உணவுக்கும் குடிநீருக்கும் ஒரே இடத்தில் படுத்துறங்கவும் பாடுபட்டதில் அந்த ஆசையைப் புதைத்தவர் அவர். அடுத்து வருபவர் மெல்கிசேதேக்கு. பைபிளில் ஆபிரகாமிடம் தசமபாகம் பெற்ற அந்தச் சாலேமின் ராஜாவேதான். ஸ்பெயினின் தென்கோடி ஊரான தரீஃபாவின் சதுக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற வரியைச் சொல்பவரும் அவரே. புதையலைப் பற்றிச் சொல்ல மந்தையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு ஆடுகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மீதியை நண்பன் ஒருவன் வாங்கிக்கொள்கிறான். அந்தப் பணம் முழுவதும் கடல் கடந்து மொராக்கோவின் டாஞ்சியரில் இறங்கிய அன்றே பறிபோகிறது.

இங்கிருந்துதான் நூலின் மிகச் சிறந்த பகுதி தொடங்குகிறது. மேற்கோள் காட்டுவோர் அநேகமாகத் தாண்டிப்போகும் பகுதியும் இதுவே.

டாஞ்சியரில் ஒரு மேட்டின் உச்சியில் கண்ணாடிப் பாத்திரக் கடை வைத்திருக்கும் வியாபாரி, அதே இடத்தில் 30 ஆண்டுகளாக இருப்பவர். பக்கத்து ஊரான சியூட்டா வேகமாக வளர்ந்ததால் டாஞ்சியர் வியாபாரம் படுத்துவிட்டது. மேடேறி வருவோர் குறைந்துவிட்டார்கள். பசியோடு வந்த சாண்டியாகோ, கண்ணாடிகளைத் துடைத்துத் தருகிறேன், சாப்பாடு போடுங்கள் என்கிறான். அவன் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் வந்து பொருள் வாங்குகிறார்கள். பசித்தவனுக்கு உணவளிக்கச் சொல்கிறது குர்ஆன், நீ துடைக்காவிட்டாலும் சாப்பாடு போட்டிருப்பேன் என்கிறார் வியாபாரி. வேலை தந்து, விற்பனை பெரிதாகக் கூடப்போவதில்லை என்ற எண்ணத்தில் கமிஷனையும் தாராளமாகவே தருகிறார்.

வாசலில் ஒரு ஷோகேஸ் வைக்கலாம் என்று பையன் சொல்கிறான். போகிறவர் வருகிறவர் இடித்து உடைத்துவிடுவார்கள் என்று தயங்குகிறார் வியாபாரி. மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனால் பாம்பு கடித்து ஓரிரு ஆடு சாகத்தான் செய்யும், அதற்காக மேய்க்காமல் இருக்க முடியுமா என்கிறான் பையன். இது தத்துவம் பேசுகிறவன் வாயில் வரும் பேச்சல்ல, தொழில் தெரிந்தவனின் கணக்கு. ஷோகேஸ் வந்ததும் கூட்டம் வருகிறது. பிறகு மேடேறிக் களைத்து வருகிறவர்களுக்குத் தேநீர் விற்கலாம் என்கிறான். தேநீர்தான் எல்லா இடத்திலும் கிடைக்கிறதே என்றால், கண்ணாடிக் கோப்பையில் கொடுப்போம், குடித்தவர்கள் கோப்பையையும் வாங்குவார்கள் என்கிறான். அதைப் பார்த்து மற்றவர்களும் கண்ணாடிக் கோப்பையில் தேநீர் விற்கத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு ஓடவில்லை, காரணம் அவர்கள் கடை மேட்டின் உச்சியில் இல்லை. ஊரே ஒதுக்கிய அந்த இடத்தின் குறையே வியாபாரத்தின் பலமாக மாறுகிறது. இரண்டு ஆட்களைக் கூடுதலாக வேலைக்கு வைக்க நேர்கிறது. சிறு தொழில் தொடங்க நினைக்கும் எந்த இளைஞருக்கும் இந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் போதும். சகுனம், பிரபஞ்சம், எல்லாவற்றையும் இணைப்பதாக நூல் சொல்லும் உலக ஆன்மா எதையும் இழுக்காமலே இவை தாமாக நிற்கின்றன.

ஆப்பிரிக்க மண்ணில் கால் வைத்து 11 மாதமும் 9 நாளும் கழிந்தபோது அவன் கையிலிருந்த பணம், 120 ஆடுகள் வாங்கவும் ஊர் திரும்பும் பயணத்துக்கும் ஆப்பிரிக்கப் பொருட்களை இறக்குமதி செய்யும் உரிமத்துக்கும் போதுமானது. பேசத் தெரியாத ஊரில் அரபியும் கற்றுக்கொண்டான். இதெல்லாம் விருப்பத்தால் மட்டும் வந்ததல்ல. துடைத்தான், விற்றான், யோசனை சொன்னான், கடைக்காரர் கமிஷனை ஏமாற்றாமல் கொடுத்தார்.

அதே கடைக்காரரை நூல் நடத்தும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. மக்காவுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. போய்விட்டால் பிறகு வாழ்வதற்கு எந்தக் கனவும் மிஞ்சாதே என்று பயந்து, போகாமலே இருக்கிறார். எனக்கு இந்த நூலில் மிகவும் உண்மையாகப் படும் மனிதர் இவர்தான். இப்படி ஒரு பயம் மனிதருக்கு வரும் என்று எழுத ஆழ்ந்த கவனிப்பு வேண்டும். ஆனால் அவரைக் கனவைத் துரத்தாதவருக்கு உதாரணமாக நிறுத்திவிட்டுக் கதை முன்னே ஓடுகிறது. தரீஃபா சதுக்கத்தில் ரொட்டிக் கடைக்காரருக்கும் இதே கதி. சிறுவயதில் ஊர் சுற்ற ஆசைப்பட்டவர், முதலில் கடை போட்டுப் பணம் சேர்த்து, வயதான பிறகு ஒரு மாதம் ஆப்பிரிக்கா போகலாம் என்றிருக்கிறார். மெல்கிசேதேக்கு அவரைப் பரிதாபமாகச் சுட்டிக்காட்டுகிறார். டாஞ்சியர் சந்தையில் அன்றைக்குச் செய்த முதல் இனிப்பைச் சாண்டியாகோவுக்குச் சிரித்தபடி சும்மா கொடுக்கும் மிட்டாய்க்காரரை மட்டும், பிடித்த வேலையைச் செய்கிறவர் என்று நூல் கொண்டாடுகிறது. ரொட்டி சுடுகிறவருக்கும் மிட்டாய் செய்கிறவருக்கும் இடையே அப்படி என்ன பெரிய வேறுபாடு? இளம் வாசகர்கள், கனவைத் துரத்தாதவர் பரிதாபத்துக்குரியவர் என்ற கருத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் அப்பாவையும் அம்மாவையும் கனவைக் கைவிட்டவர்களாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அப்படிப் பார்க்க நூல் இடம் கொடுத்துவிடுகிறது. மூன்று தங்கக் காசுகளைக் கொடுத்த தந்தை ஆரம்பப் பக்கங்களோடு மறைந்துபோகிறார்.

பாலைவனப் பகுதியில் கொயலோவின் கை நடுங்குகிறது. அல்-ஃபயூம் பாலைவனச் சோலையில் இரண்டு பருந்துகள் மோதுவதைப் பார்த்து, படை வரப்போகிறது என்று சாண்டியாகோ முன்கூட்டியே எச்சரிக்கிறான். சோலையின் தலைவர் ஒரு நிபந்தனை விதிக்கிறார்: எதிரிகளில் பத்துப் பேர் செத்தால் ஒரு தங்கக் காசு. மறுநாள் தாக்க வந்த 500 பேரில் ஒருவனைத் தவிர எல்லோரும் அரை மணி நேரத்தில் கொல்லப்படுகிறார்கள். சாண்டியாகோவின் கையில் 50 காசுகள் வந்து சேர்கின்றன. பிணக்கணக்கில் எண்ணிக் கொடுத்த தங்கம் அது. அன்பு, உலக ஆன்மா, எல்லாம் ஒன்றே என்று பக்கத்துக்குப் பக்கம் பேசும் நூல், இந்த 50 காசுகளைப் பற்றி ஒரு நெருடலும் இல்லாமல் கடந்துபோகிறது. நூலில் எனக்கு மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

ஃபாத்திமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வருகிறாள், காதலிக்கிறாள், காத்திருக்கிறாள். தனக்கென்று ஒரு கனவு அவளுக்கு இல்லை. இவனுடைய கனவின் ஒரு பகுதி தான் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார் ஆசிரியர். ஒவ்வொருவருக்கும் தனிக் கனவு உண்டு என்று முழங்கும் நூலில், பெண்களுக்கு அது எழுதப்படவில்லை. மாணவிகள் நிறைந்த வகுப்பில் இந்த நூலைப் பாடமாக எடுப்பவர்கள் இதைப் பேசாமல் விடக் கூடாது.

கதையில் வரும் ஓர் ஆங்கிலேயரின் நிலையையும் கவனிக்க வேண்டும். பெட்டி பெட்டியாக நூல்களைச் சுமந்துகொண்டு, ஈயத்தைத் தங்கமாக்கத் தெரிந்த ரசவாதியைத் தேடி வணிகர் கூட்டத்தோடு பாலைவனத்தைக் கடக்கிறார். கடைசியில் ரசவாதியைச் சந்தித்தபோது கிடைக்கும் பதில், போய் முயன்று பார் என்பதுதான். உலை மூட்டிக் கந்தகத்தைப் பிரிக்கத் தொடங்குகிறார். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று நூல் சொல்வதே இல்லை. சாண்டியாகோவைவிட நீண்ட காலம், குறையாத தீவிரத்தோடு விரும்பியவர் அவர். பிரபஞ்சம் அவருக்குக் கூடி வந்ததா என்ற கேள்விக்கு நூலில் விடை இல்லை. பிரபஞ்சத்தைப் பற்றிய அந்த வரியை நம்பச் சொல்பவர்கள் முதலில் இவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீதிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரசவாதியோடு பிரமிடுகளை நோக்கிப் பாலைவனத்தில் போகும்போது படைவீரர்களிடம் சிக்கியதும், பையன் கையிலிருந்த தங்கத்தை ரசவாதி எடுத்துத் தலைவனிடம் கொடுத்துவிடுகிறார். பையன் மீண்டும் வெறுங்கை. பிறகு ஒரு காப்டிக் (எகிப்தின் பழைய கிறிஸ்தவ) மடத்தின் சமையலறையில் ரசவாதி ஈயத்தை உருக்குகிறார். மஞ்சள் முட்டை போன்ற ஒன்றிலிருந்து மயிரிழை அளவு சுரண்டி, மெழுகில் பொதிந்து உருகிய ஈயத்தில் போடுகிறார். கலவை ரத்தச் சிவப்பாக மாறி, ஆறியதும் தங்கமாகிறது. நம் சித்தர் பாடல்களில் ரசவாதத்தைப் பற்றிப் படித்துவிட்டு இந்த நூலை எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் செய்முறை இவ்வளவுதான். அந்தத் தங்கம் நான்கு துண்டுகளாகிறது: துறவிக்கு ஒன்று, சாண்டியாகோவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான்காவதையும் துறவியிடமே கொடுத்து, இவன் எப்போதாவது கேட்டு வந்தால் கொடுங்கள் என்கிறார். பிரமிடுகளின் அடியில் தோண்டும்போது திருடர்கள் வந்து சாண்டியாகோவின் துண்டைப் பிடுங்கிக்கொண்டு, சாகும் அளவுக்கு அடிக்கிறார்கள். கிழிந்த உடையோடு அவன் மடத்துக்குத் திரும்பும்போது துறவி சிரித்தபடி அந்த நான்காம் துண்டை எடுத்துத் தருகிறார். ஊர் திரும்பும் பயணத்துக்கான பணம் அது. இல்லாவிட்டால் புதையல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் அவனால் ஸ்பெயினுக்குப் போயிருக்க முடியாது.

ஆக, கூடி வந்து உதவியது யார்? தந்தை, ஆடுகளை வாங்கிய நண்பன், மிட்டாய்க்காரர், கண்ணாடிக் கடைக்காரர், ரசவாதி, மடத்துத் துறவி. முகமும் கையும் உள்ள மனிதர்கள். உண்மையில் கொயலோ எழுதிய கதையில் இவர்கள் இல்லாமல் ஒரு அடியும் நகர்வதில்லை. பிரபஞ்சம் என்ற ஒரே சொல்லுக்குள் இவர்களையெல்லாம் போட்டு மூடிவிடுவதுதான் அந்த வரி செய்யும் தீங்கு. விருப்பம் நிறைவேறினால் உதவியவர்களை மறக்கத் தோன்றும். நிறைவேறாவிட்டால் நாம் போதுமான அளவு விரும்பவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லத் தோன்றும். போட்டித் தேர்வுகளில் மூன்றாம் முறை, நான்காம் முறை தோற்று நிற்கும் பிள்ளைகளிடம் இந்த வரியை நீட்டுவது அவர்கள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகும்.

இவ்வளவு குறை சொன்னாலும் நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. அதில் ஒரு பக்கக் கதை ஒன்று இருக்கிறது. மகிழ்ச்சியின் ரகசியத்தைக் கேட்டு வந்த இளைஞனிடம் ஞானி ஒருவர் இரண்டு சொட்டு எண்ணெய் விட்ட கரண்டியைக் கொடுத்து, சிந்தாமல் மாளிகையைச் சுற்றிப் பார்த்து வரச் சொல்கிறார். முதல் சுற்றில் எண்ணெயைப் பார்த்தபடியே நடந்து வேறு எதையும் பார்க்காமல் வருகிறான். இரண்டாம் சுற்றில் ஓவியம், தோட்டம் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறான், கரண்டியில் எண்ணெய் இல்லை. கடமையையும் உலகத்தையும் ஒருசேர வைத்துக்கொள்ளச் சொல்லும் இந்தக் கதை, நூலின் மற்ற போதனைகளையெல்லாம்விட நிதானமானது. இதை யாரும் வாழ்த்து அட்டையில் அச்சிடுவதில்லை, ஒற்றை வரிக்குள் அடங்காது என்பதால்.

பரிசளிக்கும் பள்ளிகளுக்கும், வாசகர் வட்டம் நடத்துவோருக்கும் செயல்படுத்தக்கூடிய சில யோசனைகள். நூல் சிறியது, இரண்டு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்டது. ஒரே மூச்சில் படிக்க விட்டால் கடைசிப் பகுதியின் உணர்ச்சிப் பெருக்கில் எல்லாம் கரைந்துவிடும். மூன்று அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் அமர்வில், ஆடு வாங்கப் பணம் வேண்டும் என்று பையன் கடைக்காரரிடம் சொல்லும் இடம் வரை, அதாவது முதல் பாகம் முழுவதும். இரண்டாவதில் கடை வாழ்க்கையும் பாலைவனப் பயணமும் சோலையை எட்டும் வரை. மூன்றாவதில் மீதி. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் மாணவர்கள் ஒரு தாளில் அன்று வந்த பணம், போன பணம், கொடுத்தவர், பறித்தவர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். நூலைத் தொடங்கும் முன் ரூமியின் கதையை ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிடுவது நல்லது. முடிவு முன்பே தெரிந்துவிடுமே என்ற கவலை வேண்டாம். முடிவு தெரிந்து படிக்கும்போதுதான் கொயலோ எதைச் சேர்த்தார், எதை மாற்றினார் என்பது கண்ணில் படும். தடுமாற்றம் வரக்கூடிய இடம் மூன்றாம் அமர்வு. சாண்டியாகோ பாலைவனத்தோடும் காற்றோடும் சூரியனோடும் பேசும் பக்கங்களில் மாணவர்கள் சலிப்படைவார்கள், அல்லது அதையே வேதமாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே நேரத்தைக் குறைத்து, நான்காம் தங்கத் துண்டு வரும் பின்னுரைக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தேடலும் தொடங்குகிறவனின் அதிர்ஷ்டத்தோடு ஆரம்பித்து, வெல்பவனுக்கான கடும் சோதனையோடுதான் முடியும் என்றும் இதே நூலில் ஒரு வாசகம் இருக்கிறது. பிரபஞ்சத்தைப் பற்றிய வரியை அடுத்த முறை அச்சிட நேர்ந்தால், இதையும் அதே எழுத்தளவில் கீழே சேர்த்து அச்சிடுங்கள். இடம் இருந்தால் கண்ணாடிக் கடையின் தேநீர்ப் பகுதியைப் பற்றி ஒரு பத்தியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி